விளம்பரங்கள் வந்து சேர்ந்த வீடு

சாத்தங்குடிச் சுவர்களிலும் கம்பங்களிலும் இருந்த விளம்பரங்கள் ஒரு வியாழக்கிழமை காலையில் கீழே இறங்கி, வரிசை கலையாமல், ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல், கீழத்தெருவில் முப்பிடாதியின் வீட்டுக்குள் நுழைய ஆரம்பித்தன. முதலில் வந்தவள் பற்பசைக்காரி. பேருந்து நிலையத்துக்கு மேலே வருஷக்கணக்காக வாயெல்லாம் பல்லாக நின்றவள், அதே சிரிப்போடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் கணுக்கால் வரை கூந்தல் தொங்கும் எண்ணெய்க்காரி, அவளுக்குப் பின்னால் வலது கையை நீட்டி வெறும் பொட்டலைக் காட்டியபடியே இருக்கும் வீட்டுமனைக்காரர், அப்புறம் கும்பிட்ட கையை இறக்கத் தெரியாத வட்டம், நகரம், ஒன்றியம் என்று கட்சிக்காரர்கள் ஒரு பெருங்கூட்டம். வாசல் தெளித்துக்கொண்டிருந்த முப்பிடாதி வாளியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். வீடு தேடி வந்தவர்களை வாசலிலேயே நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

முந்தின நாள் மத்தியானம் அவள் செய்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஊர் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளராக இருக்கிறவள் அவள். சென்னைக்குப் போன ஒருவரிடம் சொல்லி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் சல்லிசாக வாங்கிய பழைய கையடக்கக் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும், பக்கவாட்டில் தள்ளினால் குட்டிக் கீபோர்டு வெளியே வரும், உள்ளே விண்டோஸ் மாதிரி லினக்ஸ் என்று ஒன்று ஓடும். அதில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு கோப்பு உண்டு, எந்தப் பெயருக்கு எந்த விலாசம் என்று எழுதி வைக்கிற கோப்பு. வெளியுலகத்தைக் கேட்பதற்கு முன்னால் கருவி முதலில் இதைத்தான் பார்க்கும். ஒரு பெயருக்கு எதிரே கருவியின் சொந்த விலாசத்தை, சுருக்கமாகச் சொன்னால் வீட்டு விலாசத்தை, எழுதிவிட்டால் போதும், அந்தப் பெயரைத் தேடிப் புறப்பட்டது எதுவும் வெளியே போகாமல் திரும்பச் சொந்த வாசலுக்கே வந்து நின்றுவிடும். விளம்பரம் அனுப்புகிறவர்களின் பெயர்களை யாரோ புண்ணியவான்கள் உட்கார்ந்து ஆங்கில எழுத்து வரிசைப்படி தொகுத்து இணையத்தில் போட்டு வைத்திருந்தார்கள். முப்பிடாதி அதை அப்படியே இறக்கி, ஒட்டி, ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல் சேமித்தாள். ஆயிரக்கணக்கான பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே வீட்டு விலாசம். எழுதின விலாசத்துக்குத்தானே வருவார்கள், வந்தார்கள்.

விளம்பரம் என்றால் அவளுக்கு ஏன் அப்படி ஒரு வெறுப்பு என்று கேட்டால் அதற்கு நயினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நயினார் அவள் தம்பி. தாயும் தகப்பனும் போனபிறகு அவள்தான் அவனுக்கு எல்லாம். நல்லா இருந்த பையன்தான், பிளஸ் டூ முடித்த வருஷம் என்ன ஆனதோ, பேச்சு குறைந்தது, அப்புறம் பெயரைக் கேட்டால் யோசிக்க ஆரம்பித்தான், அப்புறம் யோசிப்பதையும் விட்டுவிட்டான். தனியாகத் தெருமுனைக்குப் போனால் திரும்பி வரத் தெரியாது. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவன்று அவனைக் கூட்டிக்கொண்டு போய், மைதானத்துப் போட்டோக் கடையில் அவன் தோளில் கைபோட்டு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். எடுத்து முடித்துப் பணம் கொடுக்கத் திரும்பினாள், அவ்வளவுதான், பக்கத்தில் ஆளைக் காணோம். நயினார், நயினார் என்று தொண்டை கிழியக் கத்தினாள். மைதானம் முழுக்கக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் குக்கர் விளம்பரம் அலறிக்கொண்டிருந்தது. மேடைக்கு ஓடி, அதை நிறுத்திவிட்டு என் தம்பி பேரைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். காசு வாங்கியிருக்கிறோம், இது ஓடி முடியட்டும், அடுத்து சொல்கிறோம் என்றார் மைக் செட்காரர். ஓடி முடிந்து அவர் சொன்னபோது கேட்பதற்கு நயினார் அங்கே இல்லை.

அதற்கப்புறம் அவளுக்கு இரண்டே வேலை. ஒன்று லேப். மற்றது தேடுவது. அடையாளம் தெரியாதவர்களின் முகங்களைக் காப்பகங்களும் ஆஸ்பத்திரிகளும் இணையத்தில் போடுவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கருவியைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். சரியாக ஒரு முகத்தின் கண்ணைப் பார்க்கிற நேரத்தில் மேலிருந்து ஒரு விளம்பரம் இறங்கி அந்த முகத்தை மூடும். மூடுகிற பெருக்கல் குறியைத் தேடி அழுத்தினால் அது இன்னொரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போகும். திரும்பி வந்தால் முகம் மாறியிருக்கும். அந்தப் புதன்கிழமை மத்தியானம், நயினாரின் புருவம் மாதிரியே ஒரு புருவம் தெரிந்த கணத்தில், ஒரு குக்கர் விளம்பரம் இறங்கியது. சனியன், இத்தோடு தொலையட்டும் என்றுதான் அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். பிறகு நிதானமாகத் தேடிப் பார்த்ததில் அந்தப் புருவம் வேறு யாருடையதோ என்று தெரிந்தது. ஆனால் கோப்பு சேமித்தது சேமித்ததுதான்.

அவள் கணவர் பூலுடையார் டவுன் பஸ் கண்டக்டர். முதல் டிரிப் முடித்துச் சாப்பிட வந்தவர் வீடு நிறைந்திருப்பதைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், பழக்கதோஷத்தில் உள்ளே போ, உள்ளே போ, நடுவிலே இடம் கிடக்கு பார் என்று சொல்லி எல்லாரையும் சுவரோரமாக நெருக்கி நிறுத்திவிட்டுத் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். அவர்களை நிறுத்துவது கஷ்டமில்லை. நேராகப் பார்த்தால்தான் ஆள். பக்கவாட்டில் பார்த்தால் ஃபிளக்ஸ் துணியின் கனம்தான். நூறு பேரைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தலாம். சாப்பாடு கேட்க மாட்டார்கள், தண்ணீர் கேட்க மாட்டார்கள். ஃபேன் போட்டால் மட்டும் எல்லாரும் சேர்ந்து படபடவென்று அடித்துக்கொள்வார்கள். அதனால் அந்த வெயிலிலும் ஃபேன் போடாமல் விசிறியால் வீசிக்கொண்டே சாப்பிட்டார் பூலுடையார். அவர்களுக்குப் பேச்சும் அவரவர் வாசகம்தான். கடன் விளம்பரத்துக்காரர் பத்தே நிமிடத்தில் கடன் என்றார். பூலுடையார் அவரிடம், சோறு தின்னுட்டு வாறேன் அண்ணாச்சி, அவசரப்படாதீங்க என்றார்.

ஊர் என்ன செய்தது? ஊர் முதலில் மூச்சு விட்டது. ஃபிளக்ஸ் போன சுவர்களில் பழைய மஞ்சள் வர்ணம் தெரிந்தது. பெரிய ஜவுளிக்கடைப் பலகை மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு வாகைமரம் நின்றது, அது எப்போது வளர்ந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆட்டோ ஒலிபெருக்கி ஓய்ந்ததால் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் கத்தாமல் பேசிக்கொண்டார்கள், அதனாலேயே இரண்டு பழைய சண்டைகள் தீர்ந்தன, இதுவரை கேட்காத சில பேச்சு கேட்டுவிட்டதால் ஒரு புதுச் சண்டையும் மூண்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லாம் கண்டக்டர் வீட்டம்மா புண்ணியம் என்றார்கள். முப்பிடாதி தெருவில் போனால் எழுந்து வணக்கம் சொன்னார்கள். கடைக்காரர்கள் இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார்கள். வாங்குகிறவன் எப்படியும் வாங்கத்தான் வருகிறான் என்று தெரிந்தபிறகு அவர்களும் விட்டுவிட்டார்கள். மனம் ஆறாமல் இருந்தவர் கஸாலி பாய் மட்டும்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஃபிளக்ஸ் அச்சடிக்கிற கடை வைத்திருந்தார் அவர். அவர் அச்சடித்துக் கட்டுகிற எதுவும் பொழுது விடிவதற்குள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போய்விடுகிறது என்றால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

அப்படியே வாரம் ஓடியது. பட்டியல் எழுத்து வரிசையில் இருந்ததால் வருகிறவர்களும் அந்த வரிசையிலேயே வந்தார்கள். கருவியைத் திறந்து பார்த்தால் இன்று யார் வருவார் என்று முப்பிடாதியால் ஓரளவுக்குச் சொல்ல முடிந்தது. எழுத்துகள் முடியப்போகிற சமயத்தில், ஆங்கில எழுத்தில் விளம்பரம் என்று தொடங்குகிற ஒரு பெயரின் முறை வந்தது. அது தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் வரி விளம்பரப் பக்கத்தின் பெயர். அந்தப் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள். ஏனென்றால் அந்தப் பக்கத்தில் மாதம் தவறாமல் விளம்பரம் கொடுத்து வந்தவள் அவளேதான்.

மறுநாள் காலையில் அந்த வரிக்குரியவர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். கண்ணீர் அஞ்சலி என்று தலைக்கு மேலே எழுதியிருக்க, கழுத்தில் மாலையும் பக்கத்தில் குத்துவிளக்குமாக, நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பக்கத்து வீட்டு மாடத்தியம்மாளின் புருஷன் சங்கரபாண்டியும் ஒருவர். நடுவாசலில் வந்து, சிவலோகப் பதவி அடைந்தார் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். அவர்களுக்கெல்லாம் கடைசியாக, மாலை இல்லாமல், விளக்கு இல்லாமல், கட்டம் போட்ட பச்சைச் சட்டையோடு நயினார் வந்தான்.

வாசலில் நின்று, அவன் அக்காவைப் பார்த்துச் சொன்னான்: "காணவில்லை. பெயர் நயினார். வயது இருபத்து மூன்று. மாநிறம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு. சற்று மனநிலை சரியில்லாதவர். கண்டவர்கள் கீழ்க்கண்ட எண்ணுக்குத் தெரிவிக்கவும்."

பிறகு அவளுடைய போன் நம்பரையே அவளிடம் சொன்னான்.

முப்பிடாதி அழுதாள். வாளியைக் கீழே போட்டுவிட்டு, தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதாள். கொடையன்று எடுத்த அந்தப் போட்டோவில் இருந்துதான் காணவில்லைப் போஸ்டர் போட்டார்கள். கஸாலி பாய்தான் கம்ப்யூட்டரில் அவளை வெட்டி எடுத்துவிட்டு அவனை மட்டும் வைத்தார். ஆனால் தோளில் கிடந்த அவள் கையை எடுத்தால் அவன் தோளும் சேர்ந்து போய்விடும் என்று கையை மட்டும் விட்டுவைத்தார். அதனால் வந்து நின்ற நயினாரின் இடது தோளில் ஒரு கை இருந்தது. மணிக்கட்டு வரைக்கும், இரண்டு கண்ணாடி வளையலோடு. அந்தக் கையில், பிற்பாடு சமையலில் குக்கர் சுட்ட தழும்பு இன்னும் விழவில்லை. நரம்பும் எழும்பவில்லை. முப்பிடாதி தன் கையை அந்தக் கைமேல் வைத்துப் பார்த்தாள். அது வழவழவென்று ஃபிளக்ஸாகத்தான் இருந்தது. இருந்தாலும் தம்பி தம்பிதான். முற்றத்தில் நிழல் விழுகிற இடத்தில் அவனை நிறுத்தி, வெயில் பட்டால் நிறம் மங்கிவிடும் என்று மேலே ஒரு வேட்டியைக் கட்டினாள்.

அதற்குப் பிறகு கண்டக்டர் வீடு வேறு மாதிரி ஆயிற்று. சேதி பரவி, செத்தவர்களுடைய சொந்தக்காரர்கள் சாயந்தரமானால் வர ஆரம்பித்தார்கள். கொஞ்சம் பூ, கொஞ்சம் முறுக்கு, பிளாஸ்கில் காபி. அவரவர் ஆட்களுக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த விஷயம், கிணறு வற்றிய விஷயம், மருமகளைப் பற்றிய குறை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்கள். சங்கரபாண்டி உயிரோடு இருந்த காலத்தில் பொண்டாட்டி பேச்சைப் பாதியில் வெட்டாமல் இருந்ததே கிடையாது. இப்போது சிவலோகப் பதவி அடைந்தார் என்று எப்போதாவது ஒரு தடவை சொல்வதோடு சரி. மாடத்தியம்மாள் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தாள், முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது. பொழுது போகவில்லையென்றால் பற்பசைக்காரியிடமும் பேசினாள். நீ ஒருத்திதாம்ட்டி நான் எது சொன்னாலும் சிரிக்கே என்று அவள் கன்னத்தைத் தட்டினாள். பஞ்சாயத்து ஆள் வந்து எட்டிப் பார்த்து, இத்தனை பேருக்கு வீட்டு வரியில் எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் இப்படித்தான், எது வந்தாலும் கொஞ்ச நாளில் அதற்கு ஒரு பாய் விரித்துவிடும்.

முப்பிடாதியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை மறைப்பானேன்? காலையில் எழுந்ததும் தம்பி முகத்தில் ஈரத்துணியால் தூசி துடைத்தாள், அவனுக்குப் பிடித்த அவித்த பனங்கிழங்கை அவன் முன்னால் வைத்து, அவன் சாப்பிட மாட்டான் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு தானே தின்றாள். அவன் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாலும், குரல் இருக்கிறதே, குரல் அவன் குரல்தான். லேப்பில் மத்தியான நேரத்தில் கருவியைத் திறப்பதை விட்டுவிட்டாள். வீட்டில் இருக்கிறவனை வெளியே எதற்குத் தேட வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸாலி பாய் வந்தார். அவர் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பூலுடையார் நாற்காலியை எடுத்துப் போட்டார். ஆனால் பாய் உட்காரவில்லை. நேரே நயினாருக்கு முன்னால் போய் நின்று, தான் வெட்டி ஒட்டிய படத்தைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். வருஷா வருஷம் கொடைக்கு முன்னால் புதுப் போஸ்டர் அடித்து, ஒரு பைசா வாங்காமல், தன் செலவிலேயே மதுரை, பழனி, திருச்செந்தூர் என்று பஸ் டிரைவர்கள் கையில் கொடுத்தனுப்புகிற மனுசன் அவர்.

"தங்கச்சி, நான் கடையைப் பத்திப் பேச வரல" என்றார். "இவன் இங்க வந்தப்புறம் உனக்கு ஒரு போனாவது வந்துதா?"

முப்பிடாதி அலமாரியில் இருந்த பட்டன் போனைப் பார்த்தாள். அந்தப் போன் முன்பெல்லாம் அடிக்கும். பழனி மலைப் படிக்கட்டில் உங்க ஆள் மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருக்கார் என்பார்கள், ஈரோடு ஸ்டேஷனில் பார்த்தோம் என்பார்கள். பூலுடையார் லீவு போடுவார், இரண்டு பேரும் சட்டையும் வேட்டியும் பையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அது வேறு யாராவதாக இருக்கும், அந்த வேறு யாரோவுக்கு அந்தச் சட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். எல்லாம் வீண் அலைச்சல்தான், ஆனால் அடிக்கும். தம்பி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அடிக்கவே இல்லை. அடிக்கவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பாய் மெதுவாகச் சொன்னார், ஒட்டின போஸ்டரெல்லாம் இங்க வந்து நிக்குது, எந்தச் சுவத்துலயும் அவன் முகம் இல்ல, பத்திரிகைப் பக்கத்துலயும் இல்ல. அவன் எங்கயோ ஒரு ஊர்ல பேர் தெரியாம நிக்கான். பக்கத்துல நிக்கிறவனுக்கு அவன் யார்னு சொல்ல ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாக் காகிதத்தையும் நீ வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டே. இவ்வளவும் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

அன்று முழுக்க முப்பிடாதி கருவியை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். வழி அவளுக்குத் தெரியாததல்ல. அந்த ஒரு வரியின் முன்னால் வேலி மாதிரி இருக்கும் சின்னக் குறி ஒன்றைப் போட்டால் போதும், கருவி அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். அந்த வரிக்குரியவர்கள் எல்லாரும் வந்த வழியே போய்விடுவார்கள். எல்லாரும் என்பதுதான் சிக்கல். பத்திரிகைக்காரன் காணவில்லைக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே பெயரைத்தான் வைத்திருந்தான். நயினாரை மட்டும் அனுப்ப முடியாது. அவன் போனால் சங்கரபாண்டியும் போவார், தெருவில் இன்னும் எத்தனையோ வீட்டுச் செத்தவர்களும் போவார்கள்.

சாயந்தரம் எல்லாரும் பாயோடு வந்ததும் அவள் விஷயத்தைச் சொன்னாள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பூ கொண்டுவந்தவர்கள் பூவைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர், கொடை முடியட்டுமே என்றார். ஒருத்தர், இன்னும் மகன் துபாயிலிருந்து வந்து பார்க்கவில்லை, அவன் வரும்வரை பொறுக்கக் கூடாதா என்றார். நியாயம்தான், யார் சொன்னதும் நியாயம்தான். மாடத்தியம்மாள்தான் எழுந்து வந்தாள். அவள் வாய் கொஞ்சம் கரடு, எல்லாருக்கும் தெரியும்.

"நான் ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சுக்காதட்டி" என்றாள். "உன் தம்பி எங்காளுகளோட ஒரே வரியில வந்திருக்கான். அதுக்கு என்ன அர்த்தம்னு நீ யோசிச்சியா?"

யோசிக்காமலா? வந்த நாளிலிருந்து முப்பிடாதி யோசித்துக்கொண்டிருந்த ஒன்றே ஒன்று அதுதான். தூசி துடைக்கும்போதும், பனங்கிழங்கை வைக்கும்போதும், அவன் கழுத்தில் மாலை இல்லை, இல்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் எழுந்து வரும்போது மாலை விழுந்திருந்தால்? அதனால்தான் விடிந்ததும் முதல் வேலையாக அவன் முன்னால் வந்து நின்றாள். அதை யாரிடமும் சொன்னதில்லை, பூலுடையாரிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது மாடத்தியம்மாள் தெருவுக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாள்.

"யோசிச்சேன் மதினி" என்றாள் முப்பிடாதி. "எனக்குத் தெரியல. தெரியாம இவனை இப்படி நிப்பாட்டி வச்சிருக்கப் பயமா இருக்கு."

மாடத்தியம்மாள் தன் புருஷன் முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தையும் மாலையையும் குத்துவிளக்கையும் பார்த்தாள். சிவலோகப் பதவி அடைந்தார் என்றார் அவர். சரி சரி, தெரியும், சும்மா இருங்க என்று அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், முப்பிடாதியிடம் சொன்னாள்.

"அனுப்பிரு. இவரு போய்ச் சேந்தவரு, சுவத்துல இருந்தாலும் முத்தத்துல இருந்தாலும் ஒண்ணுதான். எனக்குத்தான் வித்தியாசம். உன் தம்பி கதை அப்படியில்ல."

மற்றவர்களும் எழுந்தார்கள். கொண்டுவந்த பூவை அவரவர் ஆட்களுக்கு வைத்தார்கள். ஃபிளக்ஸில் பூ நிற்காது, வழுக்கி விழுந்தது, எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தார்கள். சிலர் கடைசியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று காதோடு குனிந்தார்கள். முப்பிடாதி கருவியின் கீபோர்டை இழுத்து, கோப்பைத் திறந்து, கீழே கீழே இறங்கி, அந்தப் பெயர் இருந்த வரிக்கு வந்து சேர்ந்தாள். குறியைப் போட்டாள். சேமித்தாள்.

செத்தவர்கள் ஒவ்வொருவராகச் சுவரை விட்டு நகர்ந்து, முற்றத்தைத் தாண்டி, தெருவில் இறங்கிப் போனார்கள். மாடத்தியம்மாள் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தாள், ஏதோ ஒரு பழைய சண்டையை முடித்துக்கொண்டு போகிறவள் மாதிரி பேசிக்கொண்டே நடந்தாள். கடைசியில் நயினார் கிளம்பினான். வேட்டி நிழலுக்குள்ளிருந்து வெளியே வந்து, வாசலில் நின்று, காணவில்லை என்று ஆரம்பித்து முழுவதையும் ஒருமுறை சொன்னான், அவள் நம்பரையும் சொன்னான். போயிட்டு வாலே தம்பி என்றாள் அவள். அவன் தெருவில் இறங்கித் திரும்பியபோது பின்பக்கம் தெரிந்தது, பின்பக்கம் வெறும் வெள்ளைத் துணி. தோளில் கிடந்த அந்தக் கையின் விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. அந்தக் கை அவனை விடவில்லை. அவன் போகிற வேகத்துக்கு அதுவும் கூடப் போனது.

வீட்டில் பற்பசைக்காரியும், எண்ணெய்க்காரியும், கும்பிட்ட கையை இறக்காதவர்களும் மிச்சம் இருந்தார்கள். யாருக்கும் அவர்களைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை. முப்பிடாதி பட்டன் போனை அலமாரியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் லேப்புக்குப் போனபோதும் கையிலேயே வைத்திருந்தாள். பேருந்து நிலையச் சுவரில் நயினார் பழைய இடத்திலேயே இருந்தான். ஜனங்கள் அவனைப் பார்க்காமல் போனார்கள், ஒருத்தர் அவன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார். அவளுக்கு அழுகையாக வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. போன் அடிக்கவில்லை. அனுப்பியது தப்போ, வீட்டிலாவது அந்தக் குரல் இருந்திருக்குமே என்று அவள் பூலுடையாரிடம் கேட்டாள். அவர் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல். ஏதோ ஒரு காப்பகத்தில் சமையல் செய்கிறவளாம், பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் பார்த்தாளாம். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்று முன்கூட்டியே சொன்னாள். பச்சைச் சட்டையெல்லாம் இல்லை, தாடி வளர்ந்திருக்கிறது, புருவத்துத் தழும்பும் முடியில் சரியாகத் தெரியவில்லை, பேச்சும் கிடையாது, போஸ்டரில் உள்ள வயசைவிடக் கூட இருக்கும். முப்பிடாதி சரி, சரி என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இந்த மாதிரி எத்தனையோ கேட்டவள்தான்.

"ஆனா ஒண்ணும்மா" என்றாள் அந்தப் பெண். "அந்தப் போஸ்டர்ல தோள்மேல ஒரு கை இருக்கே, அதைப் பாத்துத்தான் போன் பண்ணுறேன். இவரு தன்னோட வலது கையை எடுத்து இடது தோள்மேல வச்சுக்கிட்டே இருப்பாரு. சாப்பிடும்போதுகூட எடுக்க மாட்டாரு, நாங்கதான் ஊட்டி விடணும். அங்க ஏதோ இருக்கிற மாதிரி, அது போயிரும்னு பயந்து புடிச்சுக்கிற மாதிரி."

முப்பிடாதி சாப்பிட்ட கையைக் கழுவவில்லை. எழுந்து, சுவரோரமாக நின்றவர்களையெல்லாம் இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, செருப்பைத் தேடினாள். எந்த ஊர் என்று கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் அவள் விட்டுப்போன போனை எடுத்துப் பூலுடையார்தான் கேட்டார்.